கழற்சிக் கொடியை வேரோடு களைதல் வேண்டுமா?

பெரும்போக மழைக்கு முன் நிலந்திருத்தும் வேலை தொடங்கியதும் கமக்காரரின் கத்திக்கு முதலில் இரையாவது வயலோரத்துப் பற்றை. அப்பற்றையிலும் முதலில் வெட்டுண்பது கழற்சிக் கொடியே. காலில் தைக்கின்றது, சாரத்தைக் கிழிக்கின்றது, மாட்டின் தோலைக் கீறுகின்றது என்பன அதன்மேற் சாட்டப்படும் குற்றங்கள். இக்குற்றங்களை மறுப்பாரில்லை. எனினும், ஒரு செடியை அழிக்குமுன் அது யாது, எங்கே வளர்கின்றது, நமக்கு என்ன செய்கின்றது என்று ஒரு முறையேனும் பார்த்தல் கமஞ்செய்வார்க்குத் தகும். கழற்சியைக் கண்ட இடமெல்லாம் தீயிடுதலும் தவறு. பயனுடையது என்று கேள்வியுற்றவுடன் தோட்டத்தின் நான்கு புறமும் நடுதலும் தவறு என்பது எனது கருத்து. இரண்டுக்கும் இடையே எல்லை எங்கே உளது என்பதையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

கழற்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வன்கொடி. பயற்றங்கொடிபோல ஒரு போகத்தில் முளைத்து மடிவதன்று. பல ஆண்டு வாழ்வது, அடித்தண்டு வைரம் பாய்ந்து மரமாவது. பற்றுதற்கு மரமில்லாத வெளியில் இது தன்மேல் தானே சாய்ந்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட முட்குவியலாகக் கிடக்கும். அருகே மரமிருப்பின் அதன்மீது பத்து மீற்றருக்கு மேலும் ஏறிவிடும். இலை இருமுறை பிரிந்த கூட்டிலை. ஓர் இலையே முழங்கை அளவுக்கு மேல் நீளும். நடுக்காம்பின் இரு மருங்கும் கிளைக்காம்புகள் சோடி சோடியாக நிற்க, அவை ஒவ்வொன்றிலும் சீறிலைகள் சோடியாக அமைந்திருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருபுறமும் சிறிய இலைகளைப் போன்ற அகன்ற இலையடிச்செதில்கள் காணப்படும். வயலோரத்து முட்கொடிகளான இண்டு முதலியவற்றிலிருந்து கழற்சியைப் பிரித்தறிய இவ்வடிச்செதிலையே பாருங்கள். பூவும் காயும் இல்லாத காலத்தில் இதனைவிட எளிய அடையாளம் வேறில்லை. மஞ்சள் விதையுடைய நெருங்கிய உறவினம் ஒன்றும் உலகில் உண்டு. அதற்கு இத்தகைய பெரிய அடிச்செதில் இல்லை.

கொடி என்கின்றோம், ஆனால் பாகலைப்போலச் சுருளும் பற்றுக்கம்பி இதற்கில்லை. அவரையைப் போலக் கொம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்வதுமில்லை. இது ஏறுவது முள்ளினால். தண்டிலுள்ள முட்களிற் பல நேராக நிற்பன. இலைக்காம்பின் அடிப்புறத்திலுள்ளனவோ கொக்கைபோலப் பின்னோக்கி வளைந்தவை. புதுத் தளிர் மெல்லியதாய் நீண்டு அடுத்த மரத்தின் கிளைக்கிடையே நுழையும்போது இம்முட்கள் தடைசெய்வதில்லை. காற்றடித்துத் தளிர் பின்வாங்கும்போது ஒவ்வொரு கொக்கையும் மாட்டிக்கொள்ளும். இவ்வாறு முன்னேறுதல் எளிதாகவும் பின்வாங்குதல் அரிதாகவும் இருப்பதனாலேயே கொடி மேலே மேலே செல்கின்றது. பற்றைக்குள் தலையை நுழைத்த மாட்டுக்கும் இதே கதிதான். நுழைவது எளிது, மீள்வது நோவு. ஒருமுறை அகப்பட்ட மாடு மறுமுறை அவ்விடத்தை நாடாது. நம்மிற் சிலர் அத்துணை விரைவிற் கற்பதில்லை என்பது வேறு கதை.

பூ மஞ்சள் நிறம். கொத்தாக நிமிர்ந்து நிற்கும். காய் தட்டையாய் நீண்டுருண்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவினதாய், மேற்புறம் முழுவதும் முட்கள் செறிந்து, ஒரு சிறு முள்ளெலி சுருண்டு கிடப்பது போன்று தோன்றும். முற்றிக் காய்ந்தபின் அது இரண்டாக வாய்பிளக்கும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதைகள் இருக்கும். சாம்பல் நிறம், பளிங்கு போன்ற வழவழப்பு, ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் பருமன். கூர்ந்து நோக்கினால் அவ்விதையின் மேல் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடுவதைக் காணலாம். சிறுவர் இதைக் கல்லில் உரைத்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைத்து மகிழ்வர். சங்ககால மகளிர் ஆடிய கழங்கு இவ்விதையே. வெறியாடும் வேலன் குறிபார்த்ததும் கழங்கைக்கொண்டே. கழற்சி என்னும் பெயர் நம் மொழிக்கு அவ்வளவு பழையது.

இவ்விதையின் தோல் நீரை உட்புக விடாது. கமக்காரர் இதனை நன்றாக மனத்திற் கொள்ளவேண்டும்; நெல்லை ஊறவைத்து மூடிக்கட்டி முளைவரப் பார்ப்பதுபோற் கழற்சியை ஊறவைத்தால், ஒரு கிழமை கழித்தும் அது போட்டபடியே கிடக்கும். உயிரில்லாமையன்று காரணம், தண்ணீர் பருப்பை எட்டாமையே. மண்ணுள் வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்க, உராய்வும் பட்டு, தோலில் எங்கேனும் ஒரு சிறு கீறல் விழுந்தபின்னரே முளை எழும். ஆகலின் ஒரே காயில் விளைந்த இரு விதைகளில் ஒன்று இவ்வாண்டும் மற்றையது பல ஆண்டு கழித்தும் முளைத்தல் கூடும். பற்றையை எரித்து உழுத நிலத்திற் சில ஆண்டுகளுக்குப் பின்னும் இளங்கழற்சி தலைகாட்டுவது இதனாலேயே. வெறும் எரியால் இக்கொடி ஒழியும் என்று நம்புவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

விதையினுள் பருப்பைச் சூழ வெற்றிடம் இருப்பதனால் அது நீரில் மிதக்கும். நீர்புகாத தோலும் மிதக்கும் இயல்பும் ஒருங்கே அமைந்தமையாற் கடலே இதற்கு வாகனமாயிற்று. உலகின் வெப்பமான கடற்கரைகள் பெரும்பாலனவற்றிலும் கழற்சி உண்டு. ஆபிரிக்காவிலும், மேற்கிந்தியத் தீவுகளிலும், பசுபிக் தீவுகளிலும் இதே இனமே வளர்கின்றது. அத்திலாந்திக்குக் கடலின் நீரோட்டம் இவ்விதைகளைக் குளிர்நாடான அயர்லாந்தின் மேற்குக் கரைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுமுண்டு. அங்கே கண்டெடுத்த ஒரு விதையை முளைக்கச்செய்து பெற்ற செடியின் படம் யோசேப்பு பாங்சு என்னும் அறிஞருக்கு அனுப்பப்பட்டது; அது கழற்சியே எனத் தெரியவந்த செய்தியை இறொபேட்டு பிறவுன் என்னும் தாவரவியலார் 1818இல் எழுதிவைத்துள்ளார். கடலிற் பலகாலம் மிதந்த விதையும் உயிர் குன்றாதது என்பதற்கு இது போதிய சான்று.

இக்கொடியின் விஞ்ஞானப் பெயருக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு; நம்மவரிற் பலர் அதனை அறியார். 1670ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக இங்கு வந்த பவுல் ஹேர்மன் என்பார் இந்நாட்டுச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டிவைத்தார். அவ்வேடுகள் பின்னர் இலின்னேயசு கைக்குக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து 1747இல் அவர் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1753இல் கழற்சிக்குக் குயிலாண்டினா பொண்டக்கு என்று பெயரிட்டார். பொண்டக்கு என்பது கொட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பிற்காலத்தில் இது சீசல்பீனியா என்னும் சாதியிற் சேர்க்கப்பட்டு, நெடுங்காலம் பாடநூல்களில் அப்பெயராலேயே வழங்கிற்று. 2016இல் வெளியான விரிவான ஆய்வின் பின்னர், பழைய குயிலாண்டினா என்னும் பெயரே மீண்டும் ஏற்கப்பட்டுள்ளது. இவ்வினத்துக்கு மூலமாதிரியாகக் கொள்ளப்படுவது ஹேர்மன் இலங்கையிற் பறித்த கொப்பே. அது இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் உளது. உலகெங்கும் வளரும் கழற்சிக்கெல்லாம் உரைகல்லாக நிற்பது நம் நாட்டுப் பற்றையில் வெட்டிய ஒரு கிளை.

இனி, இது எங்கே வளர்வது என்று பார்ப்போம். கழற்சிக்கு வெயில் வேண்டும். மரங்கள் நெருங்கி நிழல்செறிந்த காட்டின் நடுவே இதனைக் காண்பதரிது. காட்டின் விளிம்பு, ஆற்றோரம், களப்பை அடுத்த மேட்டுநிலம், கைவிடப்பட்ட சேனை, யாவற்றுக்கும் மேலாகக் கடற்கரையை அடுத்த மணற்பாங்கான பற்றைக்காடு ஆகியனவே இதன் இருப்பிடங்கள். மண் மிக வளமாயிருத்தல் வேண்டுவதில்லை. உப்புக்காற்றைத் தாங்கும், நீண்ட கோடையையும் தாங்கும். மலைநாட்டின் உயர்ந்த இடங்களில் இதனைத் தேடவேண்டியதில்லை.

கடலோரத்து மணல்மேட்டில் இக்கொடி செய்யும் வேலையை வயல்செய்வோர் குறைவாகவே எண்ணிப்பார்க்கின்றனர். அடம்பன்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் கடலுக்கு மிக அண்மையில் மணலைப் பிடிக்கும். அவற்றுக்குப் பின்னே கழற்சி முதலிய முட்பற்றைகள் காற்றின் வேகத்தை முறித்து, காற்றுச் சுமந்துவரும் மணலைத் தம் அடியிலே விழச்செய்யும். இவ்வாறு மேடு நிலைபெறும். மேட்டுக்குப் பின்னேயுள்ள கிணற்றில் நன்னீர் நிற்பதும், அக்கிணற்றை நம்பிய மிளகாயும் வெங்காயமும் நிற்பதும் அம்மணல்மேட்டினால் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்துத் தோட்டக்காரர்க்கு யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மணல் தாங்கிநிற்கும் மழைநீரே அங்கு உவர்நீரை எதிர்த்துத் தள்ளுகின்றது. பற்றையை வெட்டினாற் காற்று மணலை வாரும். மணல் போனால் நன்னீர் குறையும். மணல் அள்ளுவோர் முதலிற் செய்வதும் பற்றையை அகற்றுவதே. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது, உயர்ந்த மணல்மேடு அழியாதிருந்த இடங்கள் சிலவற்றில் நீர் உட்புகாது நின்றதையும், மேடு வெட்டப்பட்ட வாயிலாற் புகுந்து அழிவுசெய்ததையும் தென்கரையிற் கண்டோர் பலர். முட்கொடி கடலைத் தடுத்தது என்று நான் சொல்லவரவில்லை, தடுத்தது மணல். அம்மணலை அங்கே இருக்கச்செய்வதிற் கொடிக்கும் பங்குண்டு.

ஆகவே கரையோரக் கழற்சியைப் பற்றி எனது கருத்து ஐயத்துக்கிடமற்றது: அதனை வெட்டலாகாது. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயமாகும். அங்கு மணலையோ இயற்கைத் தாவரத்தையோ அகற்ற முற்படுவோர் முதலில் அனுமதி பெறல் வேண்டும். நம் காணிதானே என்று கத்தியெடுப்பவர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

வயலோரத்துக் கழற்சியைப் பற்றிய வழக்கு இத்துணை எளிதன்று. இங்குத்தான் கமக்காரரிடையே இரு கட்சியுண்டு. ஒரு சாரார், கழற்சிப்பற்றை நிலத்தைத் தின்கின்றது, பாம்புக்கும் எலிக்கும் பன்றிக்கும் புகலிடமாகின்றது, ஆதலின் அதனை அடியோடு தோண்டி முட்கம்பி கட்டுதலே முறை என்பர். மற்றையோர், நம் முன்னோர் காட்டுப்புறத்தில் இதனை விட்டுவைத்தது வீணுக்கன்று என்பர். இரு கட்சியையும் வன்னியிலும் கிழக்கிலும் பல கூட்டங்களிற் கேட்டிருக்கின்றேன். முதற்கட்சியார் சொல்வது பொய்யன்று. கவனியாது விடப்பட்ட கழற்சி மூன்று நான்கு மீற்றர் அகலத்துக்கு விரியும். அதன் அடியில் எலி வளை வைக்கும். ஆனால் அது கவனியாமையின் குற்றமேயன்றிக் கொடியின் குற்றமன்று. பூவரசங் கதியாலையும் பத்தாண்டு வெட்டாதுவிட்டால் அது வேலியாயிராது, தோப்பாகிவிடும்.

கம்பிவேலியின் விலையைச் சிறிது நோக்குங்கள். முட்கம்பியும் கொங்கிறீற்றுத் தூணும் இன்று சிறுகமக்காரர் எட்டக்கூடிய விலையிலில்லை. பனையோலை வேலியும் அலம்பல் வேலியும் ஆண்டுதோறும் ஆள்கூலி கேட்கின்றன. இந்நிலையிற் சிலர் வேறு வழிகளை நாடுகின்றனர். பன்றிக்கென்று கட்டுத்துவக்கு வைக்கின்றனர். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இணைத்து இரவில் வயலைச்சுற்றி ஓடவிடுகின்றனர். இவை சட்டத்துக்கு மாறானவை என்பது ஒருபுறமிருக்க, இவற்றால் மடிவது பன்றி மாத்திரமன்று. விடியற்காலையில் நீர்பார்க்கச் சென்ற அயல்வயற்காரரும், மாடுதேடிச் சென்ற சிறுவரும், சில வேளைகளில் அக்கம்பியைக் கட்டியவர் தாமும் மாண்டிருக்கின்றனர். யானைகள் மாள்வதையும் நாடறியும். ஒரு மூடை நெல்லைக் காக்க ஓர் உயிரைப் பணயம் வைப்பதோ? உயிர்வேலியைப் பற்றி நான் மீண்டும் மீண்டும் பேசுவதற்குக் காரணம் செடிகொடியின்மேலுள்ள ஆசையன்று, இம்மரணங்களே.

கழற்சி வேலி எதனைத் தடுக்கும், எதனைத் தடுக்காது என்பதை மறைக்காது சொல்லுதல் வேண்டும். கட்டாக்காலி மாட்டையும் எருமையையும் தடுக்கும். ஆளையும் தடுக்கும். அடியிலே செறிவாக வளர்க்கப்பட்டிருந்தாற் பன்றிக்கும் பெருந்தடையாகும். அடி வெளித்திருந்தால் பன்றி குனிந்து நுழையும். குரங்கையும் மயிலையும் எவ்வேலியும் தடுக்காது, இதுவும் தடுக்காது. யானையை இக்கொடி தடுக்கும் என்று எவரேனும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். யானை வரும் வழியிற் கிடக்கும் வயலுக்கு, உரிய திணைக்களத்தின் ஆலோசனையுடன் முறைப்படி அமைத்து, ஊரார் கூடிப் பராமரிக்கும் குறைவலு மின்வேலியே தகும். அது துடிப்புத் துடிப்பாய் அதிர்ச்சி தந்து விலக்குவது. உயிர்கொல்லும் வீட்டு மின்சாரத்தோடு அதனை ஒன்றாக எண்ணுதல் தவறு.

இடத்தையும் தெரிந்து நடுதல் வேண்டும். இரண்டு பரப்பு, நான்கு பரப்பு என்று துண்டுபட்டுக் கிடக்கும் யாழ்ப்பாணத்து மரக்கறித் தோட்டத்துக்கு இது ஏற்றதன்று. அங்கே ஒரு முழ நிலமும் பெறுமதியுடையது. கிளுவையும் கிளிசிறிடியாவுமே அங்கு உகந்த கதியால்கள். அன்றியும், விரிந்து செல்லும் முட்கொடியை எல்லையில் நட்டால் அயலாருடன் வழக்கு உண்டாதல் நிச்சயம். வேலியால் வந்த வழக்குகள் நம்மவர் குடும்பங்களைத் தின்றது போதாதா? வாய்க்கால் ஓரத்திலும் குளக்கட்டிலும் இதனை நடவே கூடாது. வாய்க்கால் துப்புரவாக்க இறங்குவோரின் காலும் கையும் கிழியும், கட்டின் வெடிப்பும் எலிவளையும் கண்ணுக்குத் தோன்றா. உழவு இயந்திரமும் சூடடிக்கும் இயந்திரமும் திரும்பும் மூலைகளிலும் வேண்டாம். இதற்குரிய இடம் ஒன்றே: காட்டை அல்லது மேய்ச்சற்றரையை நோக்கிய வயல்வெளியின் வெளிப்புற ஓரம். அங்கேயும் உங்கள் எல்லையிலிருந்து இரண்டு மீற்றரேனும் உட்தள்ளி நடுங்கள்.

நட விரும்புவோர் விதையைத் தாமே முளைக்கச் செய்தல் நன்று. பற்றையிலிருந்து பிடுங்கிய கன்று எளிதிற் பிழைக்காது. நன்கு முற்றி நிறமேறிய சாம்பல் விதைகளைத் தெரிந்தெடுத்து, காய்க்காம்போடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தில், உள்ளிருக்கும் வெண்மை சற்றுத் தெரியுமளவும் அரத்தினால் அராவுக. அரமில்லாதவர் கருங்கல்லில் உரைக்கலாம். சுத்தியலால் அடித்து உடைத்தலாகாது. பருப்பு நசுங்கினால் முளையில்லை. அராவிய விதையை ஓரிரவும் பகலும் தண்ணீரில் இட்டால் அது ஊறிப் பருக்கும். பருக்காதனவற்றை மீண்டும் அராவுக. ஊறியவற்றை மணலும் மக்கிய எருவும் கலந்த பைகளில் ஒவ்வொன்றாக ஊன்றி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீரூற்றி வளர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்திற் பெயர்த்து நடலாம். மீற்றருக்கு ஒரு கன்றாக இரு நிரை, ஒன்றன் இடைவெளிக்கு நேரே மற்றையதன் கன்று வருமாறு நடுக. முதற்கோடையில் இளங்கன்றை ஆடும் மாடும் மேயாதபடி அலம்பல் இட்டுக் காக்கவேண்டும். இது வேலியென்று சொல்லத்தக்க நிலை அடைய இரண்டு மாரியேனும் செல்லும். அதுவரை பழைய வேலியைக் கைவிடலாகாது.

வளர்ந்த பின்னர் ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், நெஞ்சளவுக்கு மேல் வெட்டிவிடவேண்டும். மேலே வெட்டினால் அடியிலே தளிர்க்கும். அடி செறிவதே நமக்குத் தேவை. நீண்ட கொப்புகளை வெட்டியெறியாது, இடைவெளியுள்ள பக்கத்துக்கு வளைத்துத் தாழ்த்திவிடலாம். வெட்டிய கொப்பை வயலில் ஒருபோதும் விடவேண்டாம். காய்ந்த முள் சேற்றுள் மறைந்து நாற்றுநடும் பெண்களின் காலையே முதலிற் பதம்பார்க்கும். கொக்கத்தடியால் இழுத்துச் சேர்த்து, இருக்கும் வேலியின் பொத்தல்களை அடைக்கப் பயன்படுத்துக. காய்களை விதை முற்றுமுன் கழித்துவிட்டால் வயலுள் வேண்டாத முளைகளும் தோன்றா. போர்க்காலத்திற் கைவிடப்பட்டு 2009க்குப் பின்னர் திருப்பிக்கிடைத்த காணிகளிற் பற்றை வெட்டுவோர்க்கு ஒரு வார்த்தை: கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உரியவர்கள் உறுதிசெய்யாத நிலத்தில் கழற்சியையும் தொடவேண்டாம், வேறெதனையும் தொடவேண்டாம்.

கழற்சிக் குழையை வயலில் தாழ்க்கலாமா என்னும் வினா 2021ஆம் ஆண்டில், இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில், என்னிடம் பலமுறை கேட்கப்பட்டது. அவரைக் குடும்பத்துச் செடியெல்லாம் வளியிலுள்ள நைதரசனை வேரிற் சேர்ப்பன என்ற எண்ணமே அவ்வினாவுக்கு அடிப்படை. அது முழுவதும் மெய்யன்று. சணலும் காவிளாயும் பயறும் வேர்முடிச்சு உடையன. கழற்சி சேர்ந்துள்ள கிளையிலோ வேர்முடிச்சு இல்லாத செடிகளே மிகுதி. ஆகவே நிலத்தை வளப்படுத்தும் என்று எண்ணி இதனை நடுதல் வீண். முட்கொப்பைச் சேற்றில் மிதிப்பவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. குழைக்குப் பூவரசும் காவிளாயும் கிளிசிறிடியாவும் இருக்கக் கழற்சியைத் தேடவேண்டியதில்லை.

மருந்தைப் பற்றியும் கேட்கின்றனர். கழற்சிப் பருப்பு மிகக் கைப்பானது; சித்த வைத்தியத்தில் விரைவாதத்துக்கும் முறைக்காய்ச்சலுக்கும் அது மிளகுடன் சேர்த்து வழங்கப்பட்டு வந்துளது. கொயினா கிடைக்காத காலத்தில் இந்தியாவிற் பலர் மலேரியாக் காய்ச்சலுக்கு இதனை உண்டனர். அது அக்காலத்து வறுமையின் மருந்து. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்துவிட்டது. இன்று வயலில் இறங்குவோர்க்கு வரும் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருத்தல் கூடும், டெங்குவாகவும் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் கழற்சிப் பருப்பு மாற்றும் என்று நம்பி இரண்டு நாள் வீட்டிற் கிடப்பது உயிருக்குக் கேடு. நாட்டு மருந்து வேண்டுவோர் பதிவுபெற்ற வைத்தியரிடம் செல்லட்டும். காய்ச்சலென்றால் அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குச் செல்லட்டும். வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சற் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதலும் தவறாது செய்யவேண்டியது.

முள்வேலி என்றவுடன் வெளிநாட்டுச் செடிகளைக் கொணர்ந்து நடவேண்டும் என்று பரிந்துரைப்போர் எக்காலத்தும் உளர். 1950ஆம் ஆண்டுகளில் அம்பாந்தோட்டைப் பக்கத்தின் உவர்நிலத்துக்கு நன்மைசெய்யும் என்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல் இன்று பூந்தல வனப்பூங்காவின் பெரும்பகுதியை மூடிக்கிடக்கின்றது. மாடு அதன் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் பரப்புகின்றது. கழற்சியின் விதையை மாடு தின்று பரப்புவதில்லை. பல்லாயிரம் ஆண்டாக இம்மண்ணிலிருந்தும் அது காட்டை விழுங்கிவிடவில்லை. நிழல் மூடினால் தானே ஒதுங்குவது அதன் இயல்பு. புதிதாய் ஒன்றைக் கொண்டுவரும் முன், இங்கிருப்பதற்கு முதலிடம் கொடுத்தலே அறிவுடைமை என்பேன்.

ஒரு தனிமனிதர் தம் ஓரேக்கரைச் சுற்றி இவ்வேலியை அமைத்தாற் செலவும் நிலமும் மிகுதியாகும். ஐம்பது ஏக்கர் வயல்வெளிக்கு வெளிப்புறத்தில் ஒரே வேலியாக அமைத்தால் அவரவர் பங்கு சில மீற்றரே. பெரும்போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிக்கும் நாளும், மாடுகளை அகற்றும் நாளும், வேலியடைக்கும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. வேலியடைப்பு என்னும் அந்த வரி பெரும்பாலும் வாசிக்கப்பட்டு, கைதட்டப்பட்டு, மறக்கப்படுகின்றது. இவ்வாண்டு அவ்வரி வரும்போது கமக்கார அமைப்பினர் எவரேனும் எழுந்து, காட்டுப்புறத்து ஓரத்தில் ஏற்கெனவே நிற்கும் கழற்சிப் பற்றைகள் எவை, அவற்றை வெட்டாது விடவேண்டிய பகுதி எது, இடைவெளி எத்தனை மீற்றர், அதற்கு எத்தனை கன்று வேண்டும் என்று கேட்பாராக. நூறு மீற்றர் இடைவெளிக்கு இரு நிரையிலும் இருநூறு கன்று போதும். முளையாதனவற்றையும் எண்ணி முந்நூறு விதை அராவினால் அமையும். அதனைப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் அராவி முடித்துவிடுவர்.